கேக் வெட்டிய பிறகு வரும் சண்டை

வெள்ளவத்தை
6 மே 1996

திரு. ஒஸ்வால்ட் அவர்களுக்கு,

உங்கள் மகன் ஹியூபேட்டுக்கும் என் மகள் தர்மினிக்கும் நடந்த கல்யாணத்தின் வீடியோக் கசெற்றை யாரிடமோ கொடுத்து என் வீட்டு வாசலில் வைப்பித்திருக்கிறீர்கள். நான் கேட்கவில்லை. கல்யாணப் பதிவு முடிந்த பிறகு தாய்க்குச் சொன்னால் போதும் என்று நினைத்த பிள்ளையின் கல்யாணத்தை இவ்வளவு காலம் கழித்து ரீவியில் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அவர்கள் கனடா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நன்றாக இருக்கட்டும். கசெற்றை நான் பார்க்கவில்லை. ஆள் அனுப்பினால் திருப்பித் தந்துவிடுவேன்.

இன்னொன்று. ஒரு கசெற்றைக் கொடுத்தனுப்ப முன்னம் சோதித்துப் பார்ப்பது நல்லது. கேக் வெட்டி முடிந்ததும் படம் கொஞ்சம் ஆடுகிறது. பிறகு இரண்டு வெள்ளைக்காரர் காற்சட்டையோடு ஆளையாள் பிடித்துக்கொண்டு உருளுகிறார்கள். ஒருவன் மொட்டைத் தலை. முன்வரிசையில் இருக்கும் ஒரு கிழவி எழும்பிப் போய்த் தன் கைப்பையால் அவன் முதுகில் அடிக்கிறாள். அவனோ மற்றப் பொடியனின் முழங்காலைப் போட்டு முறுக்குகிறான். நடுவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்ன அநியாயம் இது! அந்தப் பொடியன் அப்படி என்னதான் செய்தான்? சண்டையின் தொடக்கம் கசெற்றில் இல்லை.

இப்படிக்கு,
திருமதி இரத்தினம்மா ஸ்ரீஸ்கந்தராசா


கொட்டாஞ்சேனை
11 மே 1996

மதிப்புக்குரிய மிஸிஸ் ஸ்ரீஸ்கந்தராசா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கசெற்றைப் பார்க்கவில்லை என்பதை விளங்கிக்கொண்டேன்.

ஆனால் ஐயோ, அந்தக் கடைசித் துண்டைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு அலுமாரிக்கு ஓடினேன். உங்களுக்கென்று கல்யாணத்தைக் கொப்பி பண்ணினபோது வெறும் கசெற் என்று நான் எடுத்தது கிறிம்ஷோவும் பில்லி றாண்டலும் மோதின மாட்ச்! 1974ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது. லண்டனில் என் மைத்துனர் செபஸ்தியன் இருக்கிறார். அங்கே ரீவியில் பழைய றெஸ்லிங் மறுபடி போடும்போதெல்லாம் பதிந்து அனுப்புவார். என்னிடம் ஒரு அலுமாரி நிறைய இருக்கிறது, அதற்குள் இதுதான் ராசா. இப்போது அதன் முன்பாதிக்கு மேல் எங்கள் சுவாமியார் நின்று பிரசங்கம் வைக்கிறார். என்னைப் போல ஒரு விசரன் இருப்பானா?

முன்பாதியை நான் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். பில்லி கை கொடுக்கப் போனான். மொட்டையன் கிறிம்ஷோ கொடுக்கவில்லை, கையைத் தன் காற்சட்டையில் துடைத்துக் காட்டினான். பில்லி சிரித்துக்கொண்டே அவன் மொட்டையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினான், பகிடிக்குத்தான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அதோடு மொட்டையனுக்குக் கொதி ஏறிவிட்டது. அவ்வளவுதான் கதை.

நானும் என் மனுசி மரியகொறற்றியும் சனிக்கிழமை பின்னேரங்களில் இருந்து பார்த்துப் புள்ளி போடுவோம். வென்றவனுக்கு மூன்று, தோற்றவனுக்கு ஐந்து, பார்க்க வந்த சனத்துக்கு இரண்டு. ஒருவர் எழுதுவதை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு சண்டை பிடிப்போம். அவள் மோசம் போய் மூன்று வருஷமாகிறது. தனிய இருந்து போடும் புள்ளியில் ருசியில்லை. நீங்கள் ரீச்சர். அந்தப் பின்பாதிக்கு எவ்வளவு போடுவீர்கள்?

பதிவு விஷயத்தில் எனக்கும் உங்கள் மனவருத்தம்தான். அன்று கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்விட்டு வருகிறேன், இரண்டு பேரும் விறாந்தையில் நிற்கிறார்கள். "பப்பா, பதிஞ்சிட்டம்" என்கிறான் ஹியூபேட். மிஞ்சின மெழுகுதிரிகளைக் கையில் பிடித்தபடியே வாங்கில் இருந்துவிட்டேன்.

அன்புடன்,
ஒஸ்வால்ட்

பி.கு.: ரொறன்ரோ ரெலிபோன் நம்பர் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.


வெள்ளவத்தை
20 மே 1996

திரு. ஒஸ்வால்ட் அவர்களுக்கு,

பாதி விடைத்தாளுக்குப் புள்ளி போடுவது முறையல்ல. கேட்டதற்காகப் போடுகிறேன். வென்ற பில்லிக்கு இரண்டு. நொந்த காலோடு எழும்பி வந்து வென்றான், ஆனாலும் ஒரு புள்ளியை வெட்டினேன், தலையில் தட்டினதற்கு. கைப்பைக் கிழவிக்கு ஒன்றே முக்கால். தோற்ற மொட்டையனுக்கு ஒன்று. மொத்தம் நாலே முக்கால். தோற்றவனுக்கு ஏன் கூடப் புள்ளி வைத்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. என் வகுப்பில் அப்படி நடந்ததில்லை. முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தேன், ஒருவருக்கும் முழுப்புள்ளி போட என் கை போனதில்லை.

மொட்டையனுக்கு அந்த ஒன்றும் ஏன் போட்டேன் என்றால், ஊர் பார்த்துச் சிரிக்கத் தலையில் தட்டினால் அது பகிடி இல்லை. சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். எதிர்வீட்டுச் சிவமணி வந்து, "ரீச்சர், மகள் பதிஞ்சிட்டாவாமே, சொல்லவேயில்லை!" என்கிறாள். எனக்கு அதுதான் முதல் செய்தி. தெரிந்தவள் போலச் சிரித்தேன். மீன்காரனும் சிரித்தான். வாங்கின மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் தர்மினி வந்து, கோயில் கல்யாணத்துக்காவது வாங்கோ என்று காலடியில் இருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். பிறகு அவள் எடுத்த ரெலிபோனையும் வைத்தேன். இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேனோ தெரியாது.

வேறு கசெற் இருந்தால் அனுப்பலாம். எந்த நேரம் பார்த்தாலும் கரண்ட் வெட்டு. இருக்கிற நேரத்தில் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பித் தருகிறேன்.

இரத்தினம்மா


கொட்டாஞ்சேனை
28 மே 1996

மதிப்புக்குரிய ரீச்சர்,

கிறிம்ஷோவுக்கு ஒன்றா? இது எந்த ஊர் ஞாயம்? நான் போட்டது ஐந்து. கொறற்றி நாலரை. நீங்கள் திரும்பப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம்.

இத்தோடு இரண்டு கசெற் வருகிறது. கொண்டுவருவது என் தங்கச்சி மகன் கிளறன்ஸ், பள்ளிக்கூட வான் ஓடுகிறவன். போன கிழமை நான் கொடுத்துவிட்டது ஏன் வந்து சேரவில்லை என்றால், செக்பொயின்றில் மறித்துப்போட்டார்கள். தமிழ்ப் பெடியனின் வானில் எழுத்தில்லாத கறுப்புக் கசெற் என்றால் சும்மா விடுவார்களா? "மே மொனவத?", இதெல்லாம் என்ன என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்க, இவன் "மல்லவ பொர, மஹத்தயா", மல்யுத்தம் ஐயா என்றானாம். நம்பவில்லை. காவலரணுக்குள் கசெற் போடுகிற டெக்கும் இல்லை, ரீவியும் இல்லை. பெரியவன் ஒருவன் தன் குவாட்டர்ஸுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தானாம். "மல்லி, வேற இருக்கா?" என்று தம்பி முறை வைத்தும் கேட்டானாம். எவ்வளவு புள்ளி போட்டானோ தெரியாது.

ஒரு விஷயம். சொல்லாமல் விட்டால் பிறகு அதற்கும் நான் பேச்சு வாங்க வேண்டும். தர்மினி பிள்ளைத்தாச்சி. செப்டெம்பர் கடைசியில் பிள்ளை கிடைக்குமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எடுக்கிறாள். "அம்மா எப்பிடி, மாமா?" என்றுதான் முதல் கேள்வி. தலைப்பிள்ளை, தாய் பக்கத்தில் இல்லை. ஒரு தரம் உங்கள் குரலைக் கேட்டால் அவளுக்குப் போதும்.

ஒஸ்வால்ட்

பி.கு.: நம்பர் பின்பக்கத்தில்.


வெள்ளவத்தை
14 யூன் 1996

திரு. ஒஸ்வால்ட் அவர்களுக்கு,

நாங்கள் கதைப்பது மல்யுத்தம். அதோடு நிற்கட்டும். அந்த ஆட்களைப் பற்றி எழுதினால் நான் பதில் போடமாட்டேன்.

புதிதாக வந்த இரண்டும் பார்த்தேன். முதலாவது நாலரை. இரண்டு பேரும் பிட்டுக்கு மா குழைக்கிற மாதிரி ஆளையாள் பிசைந்துகொண்டு கிடக்கிறார்கள். இரண்டாவது ஏழு. அதில் அந்த மீசைக்காரனை எனக்குப் பிடித்தது. புள்ளி கூட விழுந்தாலும் கிறிம்ஷோ மாட்ச் போல வராது. அந்தக் கசெற் இன்னும் இங்கேதான் இருக்கிறது, மல்யுத்தத்துக்காக.

நீங்கள் சொன்னபடி திரும்பப் பார்த்ததில் ஒன்றைக் கண்டேன். கிறிம்ஷோ பில்லியைத் தலைக்கு மேலே தூக்கி எறிகிற இடம். பில்லியின் பின்தலை தரையில் படப்போகிற நேரம், மொட்டையன் தன் இடக்கையை அதற்குக் கீழே கொடுக்கிறான். தலை அவன் உள்ளங்கையில்தான் விழுகிறது. உடனே கையை எடுத்துவிட்டு, திரும்பவும் பல்லை நெறுமுகிறான். றீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். என் கண் பிசகவில்லை. காலை முறிக்க நினைக்கிறவன் தலைக்கு ஏன் கை கொடுத்தான்?

இரத்தினம்மா


கொட்டாஞ்சேனை
20 யூன் 1996

மதிப்புக்குரிய ரீச்சர்,

எத்தனை வருஷமாய் நான் அந்த மாட்ச்சைப் பார்க்கிறேன், அந்தக் கையை நான் கண்டதில்லை. கொறற்றியும் கண்டதில்லை. என்னிடம் இனி அந்தக் கசெற்கூட இல்லை, போட்டுப் பார்க்க. பொறாமையாய் இருக்கிறது!

கேட்டபடியால் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. அது மெய்ச்சண்டை இல்லை. யார் வெல்வது, யார் தோற்பது என்று முதலே கதைத்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். கிறிம்ஷோவின் வேலை கெட்டவனாய் நின்று, கிழவியிடம் அடி வாங்கி, கடைசியில் விழுவது. அவன் ஒழுங்காய் விழுந்து கொடுத்தால்தான் பில்லி வென்றவன் போலத் தெரிவான். அதுவரைக்கும் பில்லிக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்கிறவனும் அவன்தான். தோற்றவனுக்கு ஐந்து வைத்தது அதற்குத்தான். அவனுக்குத்தான் கஷ்டம் கூட.

இந்த வருஷம் அந்தோனியார் திருநாளுக்கு றோட்டெல்லாம் ஆமி. சனம் வராமல் விடவில்லை. உங்களுக்கும் ஒரு திரி கொளுத்தினேன். இது மல்யுத்தம் இல்லைதான், மன்னிக்கவும்.

ஒஸ்வால்ட்

பி.கு.: பின்பக்கம்.


வெள்ளவத்தை
27 யூன் 1996

திரு. ஒஸ்வால்ட் அவர்களுக்கு,

பில்லியின் காலை அவன் முறுக்கினபோது நான் அழுதேன். அதுவும் நடிப்புக்குத்தான் அழுதிருக்கிறேன். நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு, நான் நடுவரைத் திட்டுவதையும் பில்லிக்கு இரங்குவதையும் வாசித்துச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். ஊரெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாக இரத்தினம்மாவுக்குச் சொல்வது உங்கள் வீட்டுப் பழக்கம் போலும்.

கிளறன்ஸ் வந்தால் கசெற்றுகளைக் கொடுத்துவிடுகிறேன். இனி எழுத வேண்டாம்.

திருமதி ஸ்ரீஸ்கந்தராசா


கொட்டாஞ்சேனை
26 யூலை 1996

ரீச்சர்,

எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். நான் சிரிக்கவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு எனக்கு மாட்ச் பார்க்க ஒரு ஆள் கிடைத்ததென்ற சந்தோஷத்தில் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

நேற்று முந்தினநாள் தெஹிவளையில் ரெயினில் குண்டு. கனடா ரீவியிலும் காட்டியிருக்கிறார்கள். தர்மினி எடுத்து, "மாமா, இண்டைக்குப் புதன்கிழமை. அம்மா சின்னம்மா வீட்ட அந்த ரெயின்லதான் போறவ" என்று குழறினாள். உங்கள் வீட்டு ரெலிபோன் வேலை செய்யவில்லை. கிளறன்ஸின் வானை அந்தப் பக்கம் விடுகிறார்கள் இல்லை. அழுது அழுது அவளுக்குப் பிரஷர் கூடி ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். பக்கத்துவீட்டுப் பலீலாவின் அண்ணன் பொலிஸ் பாஸ் எடுத்து வெள்ளவத்தைக்கு வருகிறான். அவனிடம் இதைக் கொடுக்கிறேன். ஒரு வரி எழுதிக் கொடுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

ஒஸ்வால்ட்


வெள்ளவத்தை
அன்றே

உயிரோடு இருக்கிறேன். மயூரபதி அம்மனிடம் பூசை நேரமாகிவிட்டது, ரெயினைத் தவறவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு உடனே அறிவியுங்கள். பிரஷர் உள்ளவள் அழக் கூடாது என்று சொல்லுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இரத்தினம்மா


கொட்டாஞ்சேனை
11 ஆகஸ்ட் 1996

ரீச்சர்,

சொல்லிவிட்டேன். உப்பையும் சொன்னேன். "ஆர் மாமா சொன்னது?" என்றாள். நான் தொண்டையைச் செருமினேன்.

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். கட்டிலை விட்டு எழும்பக் கூடாதாம், பிள்ளை முந்தியே கிடைக்கலாமாம். பயப்படுகிறாள். ஹியூபேட் சமைப்பதைத் தொடுகிறாளும் இல்லை. "அம்மா கதைக்காமல் எனக்கு ஒண்டும் ஆகிப்போனால்?" என்று அவள் கேட்டதை நான் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகையால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

பதிவை உங்களுக்கு மறைத்தது தர்மினி இல்லை, நான். அவள், "அம்மாட்டச் சொல்லாமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று அழுதுகொண்டு நின்றாள். "ரீச்சர் மறிச்சுப்போடுவா, முதல் பதியுங்கோ, பிறகு பாப்பம்" என்று பதிவுக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். உங்களை மீன்கடையில் தலைகுனிய வைத்தவனும் நான்தான். என்னோடு உங்கள் ஆயுளுக்கும் கதைக்க வேண்டாம். கோபம் முழுக்க என்மேல் இருக்கட்டும், பிள்ளையை விட்டுவிடுங்கள்.

ஒஸ்வால்ட்

பி.கு.: நம்பர் அதேதான்.


வெள்ளவத்தை
15 ஆகஸ்ட் 1996

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொட்டாஞ்சேனைக்கு வந்து, அந்தக் கிழவி மாதிரிக் கைப்பையால் உங்களுக்கு இரண்டு போடலாமா என்று நினைத்தேன். பிறகு உங்கள் பழைய கடிதங்களை எடுத்து ஒன்றொன்றாக வாசித்தேன். விடைத்தாளை முதலில் இருந்து பார்ப்பது என் பழக்கம். மே மாதம் நீங்கள் என்ன எழுதினீர்கள்? அந்தோனியாரிடம் போய்விட்டு வந்தபோது பிள்ளைகள் விறாந்தையில் நின்றார்கள், "பப்பா, பதிஞ்சிட்டம்" என்றார்கள், மெழுகுதிரியோடு வாங்கில் இருந்துவிட்டீர்கள். கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போன மனிதர் எப்படி ஐயா கோயிலில் இருந்து வருவார்? மறந்துபோய் எழுதினீர்களோ, நான் பிடிக்கட்டும் என்று எழுதினீர்களோ தெரியாது. எப்படியோ, நீங்கள் கீழே கொடுத்த கையை நான் கண்டுவிட்டேன்.

உடனே சீலையை மாற்றிக்கொண்டு கோல் றோட்டில் இருக்கிற கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற ஷபீகாவிடம் உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தைக் காட்டினேன். அவளே நம்பரை அழுத்தித் தந்தாள். ஹியூபேட்தான் எடுத்தான். "மாமியோ?" என்றான். "ஓம், மாமிதான்" என்றேன். அந்தச் சொல்லை அவனுக்கு நான் அன்றைக்குத்தான் முதல்முதல் கொடுத்தேன்.

பிறகு அவள் வந்தாள். என்ன சொல்வதென்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். "சாப்பிட்டியா, பிள்ளை?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அழுகைதான். ஷபீகா எனக்கு ஒரு கதிரையைத் தள்ளித் தந்தாள்.

"அம்மா, கசெற் பாத்தனீங்களே?"

"பாத்தனான்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

இனி உங்களுக்கும் ஏன் மறைப்பான்? முதல் நாளே பார்த்தேன். கோயிலில் மோதிரம் போடும்போதும், சுவாமியார் பிரசங்கம் வைக்கும்போதும், கேக் வெட்டும்போதும், என் பிள்ளை திரும்பித் திரும்பி வாசலைப் பார்க்கிறாள். கத்தியைப் பிடித்துக்கொண்டுகூடப் பார்க்கிறாள். நான் வருவேன் என்று. அதைப் பார்க்க முடியாமல்தான் அன்று அந்தச் சண்டை வந்தபோது ரீவியை நிற்பாட்டாமல் விட்டேன். மொட்டையனையாவது திட்டிக்கொண்டிருக்கலாமே. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் போட்டேன். மல்யுத்தம் பார்க்கிறேன் என்று உங்களுக்கு எழுதிக்கொண்டு, நான் பார்த்ததெல்லாம் அவள் வாசலைப் பார்ப்பதைத்தான்.

"நான் வந்திருக்கோணும், தர்மினி" என்று சொன்னேன். "பரவாயில்லையம்மா, இப்ப வந்திட்டீங்கள்தானே" என்கிறாள். பிள்ளை பிறக்க முன்னம் என்னைக் கூப்பிட்டுக்கொள்ள ஹியூபேட் கடிதம் அனுப்புகிறானாம். விசா கிடைக்குதோ இல்லையோ, நாளை பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போகிறேன். பிள்ளை பெறுகிறவளுக்குச் சரக்குத்தூள் அரைக்கக் கொடுத்தாயிற்று.

இப்போது புள்ளி. உங்கள் கடைசிக் கடிதத்துக்கு. வென்றவள் நான், எனக்கு மூன்றுக்கு ஒன்று, இவ்வளவு பிந்தி எழும்பினதற்கு. சனத்தில் ஷபீகாவுக்கு ஒன்றே முக்கால். தோற்றவனுக்கு ஐந்து. ஓம், ஐந்துக்கு ஐந்து. முப்பது வருஷத்தில் என் கை முதல்தரம் போயிருக்கிறது. கிறிம்ஷோவுக்கும் போட்டதைத் திருத்திவிட்டேன்.

வருகிற ஞாயிறு கிளறன்ஸின் வானில் கொட்டாஞ்சேனைக்கு வருகிறேன். அவள் எடுக்கும்போது இரண்டு பேரும் கதைக்கலாம். மீசைக்காரனின் வேறு மாட்ச் இருந்தால் எடுத்து வையுங்கோ. நான் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு கொண்டுவாறன், நீங்கள் சோறு மட்டும் வடியுங்கோ. உங்கள் மற்றக் கசெற்றுகள் எல்லாவற்றையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன், தந்துவிடுவேன்.

அந்தக் கல்யாணக் கசெற் மட்டும் என்னிடமே இருக்கட்டும்.

இரத்தினம்மா